ஞானவேல் விதியும் பூம்பாறை பஸ்ஸும்

“பலன் கிடைக்காத காரியத்தை, மனுஷனாகட்டும் மிருகமாகட்டும், எந்த உயிரும் இருபத்தோரு தடவைக்கு மேல செய்யாது. செஞ்சதாக் காட்டுங்க, என் பேரையே மாத்தி வச்சுக்கறேன்.”

கொடைக்கானலில் ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியில் உளவியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஞானவேல், ஆண்டுக்கு ஒரு முறை, மழை பிடித்துக்கொள்ளும் மாதத்தில், ஜன்னல்களெல்லாம் சாத்திய வகுப்பறையில் நின்று, மேசையில் மூன்று தட்டுத் தட்டி இதை அறிவிப்பார். நாளைய ஆசிரியர்கள் நாற்பது பேர் குனிந்து எழுதிக்கொள்வார்கள். இருபத்தொன்று என்ற எண்ணின் கீழே இரண்டு கோடு போடச் சொல்வார். போடாதவர்களுக்கு உள்மதிப்பீட்டில் குறையும். இதற்கு ‘ஞானவேல் விதி’ என்று பெயர் வைத்தவரும் அவரேதான். ஆனால் அடக்கம் கருதி, மாணவர்கள் அப்படிச் சொல்வதாகத்தான் வெளியில் சொல்லிக்கொள்வார்.

உலகத்தின் மற்ற அறிஞர்கள் தங்கள் விதிகளை நாய்களின் மேலும் புறாக்களின் மேலும் நூற்றுக்கணக்கான எலிகளின் மேலும் கட்டினார்கள். ஞானவேல் விதி ஒரே ஒரு குரங்கின் மேல் நின்றது. அது அவருடைய குற்றம் அல்ல. கல்லூரி ஆய்வகத்துக்கென்று ஒரு வெள்ளை எலி வாங்கியிருந்தார்கள். கல்லூரியைப் பார்வையிடும் ஆய்வுக்குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு டிசம்பர்க் குளிரில் அது விறைத்துப்போயிற்று. வந்தவர்கள் காலிக் கூண்டைப் பார்த்துத் திருப்தி தெரிவித்துவிட்டுச் சென்றார்கள். அதன்பிறகு தானாக வந்து சேர்வதை வைத்துத்தான் ஞானவேல் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. நாயுடுபுரத்தில் அவருடைய வாடகை வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குத் தினமும் காலையில் ஒரு குரங்கு வரும். அவர் மகள் சௌம்யா அதற்குத் தோசை விள்ளல் கொடுப்பாள். ஒருநாள் ஜன்னலைச் சாத்தச் சொன்னார் ஞானவேல்.

கோட்பாடு என்னவோ எளிமையானதுதான். பரிசு கிடைப்பதால் ஒரு செயல் தொடர்கிறது. பரிசை நிறுத்தினால் செயல் அணைந்துபோகும். அணைவதற்கு முன்னால் கடைசியாக ஒரு எகிறு எகிறும். அந்த நேரத்தில் மனமிளகிக் கொடுத்துவிட்டால் எல்லாம் பாழ். குரங்கும் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு வந்ததுபோலவே நடந்துகொண்டது. முதல் வாரம் ஜன்னலைத் தட்டியது. இரண்டாம் வாரம் ஆட்டியது. பதினெட்டாம் நாள் ரோஜாத் தொட்டியைத் தூக்கிக் கீழே போட்டது. இருபத்தோராம் நாள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. இருபத்திரண்டாம் நாள் வரவில்லை. ஞானவேல் வரைபடத்தாளில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டார்.

அப்போது பதினொரு வயதாயிருந்த சௌம்யா சொன்னாள்: “அப்பா, அது பக்கத்து வீட்டு ராஜகுமாரி டீச்சர் ஜன்னலுக்குப் போகுதுப்பா. அங்க அதுக்கு பிரெட்டு, ஜாம் எல்லாம் குடுக்குறாங்க.”

“அது வேற ஆய்வும்மா,” என்றார் ஞானவேல்.

மனிதர்களைப் படிக்கும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது. பழனி அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்கு அறை வாடகைக்கு விடும் குடும்பம். வருஷம் முழுக்க மொட்டைத் தலைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். இத்தனை கூட்டம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு மற்றவர்கள் பக்தி என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார்கள். ஞானவேல் அப்படி விட்டுவிடவில்லை. கேட்டது எப்போதாவது ஒரு முறை கிடைக்கிறது, எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை, அதனால்தான் வருகிறார்கள் என்று கண்டுபிடித்தார். ஒன்றுமே கிடைக்காது என்று ஒரேயடியாகத் தெரிந்துவிட்டால், இருபத்தோரு வருஷத்தில் மலை காலி. இதை அவர் அடிவாரத்தில் நின்று சொன்னதில்லை. கொடைக்கானலுக்கு ஏறிவந்த பிறகுதான் சொன்னார்.

அவர் மனைவி விசாலாட்சி, சௌம்யாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துபோனாள். பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அவர் கலங்கவில்லை. பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டையை ஒட்டினார். அழாமலிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தங்க நட்சத்திரம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர்கள், அந்தப் பிள்ளை பதினொரு நட்சத்திரம் வாங்கியிருப்பதைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். மீதி ஐந்து நாள் என்ன ஆயிற்று என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. ஞானவேல் மட்டும் அந்த ஐந்து கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

இப்படி வளர்ந்த பெண், இருபத்தைந்தாம் வயதில், பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பத்துப் பையன் ராஜேஷ்குமாரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, ஞானவேல் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பூண்டின் மேல் அவருக்குப் பகை கிடையாது. சாதி பார்ப்பவரும் அல்ல. அப்படித்தான் தம்மைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். தம்முடைய திட்டத்தில் இல்லாத ஒரு செயல் தம் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகிவிட்டதே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அவங்க வீட்டுல வந்து உங்ககிட்ட பேசுறேங்கிறாங்கப்பா.”

“பேசட்டும். நான் கவனிக்கப் போறதில்ல. இந்த இடத்துல கவனிப்புதான் பரிசு.”

“நான் உங்க மகப்பா. உங்க கிளாஸ் இல்ல.”

“இந்தக் குரல்ல பேசுனா எனக்குக் காதுல விழாது.”

“விழுது. விழாத மாதிரி உக்காந்திருக்கீங்க.” அவள் கதவுவரை போய்த் திரும்பினாள். “எப்பவுமே அப்படித்தான உக்காந்திருக்கீங்க.”

பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. சௌம்யா இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போனாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அன்று ஞானவேல் வகுப்பில் ‘குழந்தைகளின் பிடிவாதத்தைக் கையாளுதல்’ என்ற பாடம் நடத்தினார்.

அவருடைய திட்டத்தில் கொடூரம் எதுவும் இல்லை. அவர் எழுதிவைத்த நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. நோக்கம்: மகள் வாசலுக்கு வந்து ‘தப்புதான்பா’ என்று சொல்ல வேண்டும். சொன்ன மறுகணம் முழுப் பரிசும் வழங்கப்படும். அதாவது கட்டியணைத்து, மாப்பிள்ளையையும் அழைத்து, தலைவாழை இலை போட்டுச் சாப்பாடு. வழிமுறை: அதுவரை எந்தக் கவனிப்பும் கூடாது. முதல் நான்கு மாதம் அவள் போன் செய்துகொண்டே இருந்தாள். அந்த எண்ணைத் தம் கைபேசியில் முடக்கி வைத்தார். ஆனால் முடக்கிவிட்டால் எத்தனை தடவை அழைக்கிறாள் என்று எண்ண முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது பூம்பாறை பஸ்.

மேல்மலை ஊர்களில் தபால்காரரைவிடக் கண்டக்டருக்குச் சுமை அதிகம். மாத்திரை அட்டை, மாற்றுச் சான்றிதழ், வீட்டில் மறந்துவிட்டுப்போன கண்ணாடி, உயிரோடு ஒரு கோழி என்று எதுவாக இருந்தாலும் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். கொடைக்கானல் பஸ் நிலையத்தில் ராக்காயியின் டீக்கடையில் அது இறங்கும். உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். ஒரு சனிக்கிழமை காலை கண்டக்டர் முருகவேல், ஞானவேலுக்குப் போன் போட்டார்.

“சார், பாப்பா ஒரு பை குடுத்து விட்டுருக்கு. பூண்டு வெட்டு முடிஞ்சு மொத பூண்டாம். ராக்காயி அக்கா கடையில வச்சிருக்கேன்.”

ஞானவேல் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். நீலக் கித்தான் பை. வாய் கயிற்றால் கட்டியிருந்தது. புகையில் தொங்கவிட்டு எடுத்த மலைப்பூண்டின் வாசனை மூன்று கடை தள்ளி அடித்தது. அவர் அதைத் தொடவில்லை. குனிந்து, ஏறக்குறைய எத்தனை கிலோ இருக்கும் என்று மட்டும் பார்த்து எழுதிக்கொண்டார்.

“திருப்பி ஏத்திருங்க.”

“என்னது சார்?”

“வாங்க ஆள் இல்லைன்னு சொல்லிக் குடுத்துருங்க.”

“ஆளுதான் இந்தா நிக்கிறீங்களே,” என்றார் முருகவேல்.

அடுத்த சனிக்கிழமையும் பை வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது. ஒவ்வொரு வாரமும் ஞானவேல், பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, டீ வாங்கிக்கொண்டு காத்திருந்து, பை இறங்கியதும் தேதி, எடை, வெளியில் தெரியும் பொருள்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். பூண்டோடு கேரட் வந்தது. பிறகு பீன்ஸ் வந்தது. ஏழாவது வாரம் ஒரு டிபன் டப்பா வந்தது. மூடியின் ஓரத்தில் கசிந்திருந்த நெய்யைப் பார்த்து, கேசரி என்று ஊகித்து எழுதினார்.

ராக்காயி ஐம்பது வயதுக்காரி. வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றையும் ஏசிக்கொண்டே டீ ஆற்றுபவள். “சார், ஒங்களுக்கும் அந்தப் புள்ளைக்கும் சண்டை. அது எனக்குத் தெரியுது. அந்தக் கேசரிக்கு என்ன சார் சண்டை? ஒரு வாய் எனக்காவது குடுக்கலாம்ல?”

“கூடாது. யார் சாப்பிட்டாலும் அது பரிசுதான். பை காலியாத் திரும்பிப் போச்சுன்னா, அப்பாதான் சாப்பிட்டார்னு நெனச்சுக்கும்.”

“நெனச்சா என்ன, குத்தமா?”

“எல்லாம் கெட்டுரும்.” ஞானவேல் டீயை ஒரு மடக்குக் குடித்தார். “பலன் கிடைக்காத காரியத்த எந்த உயிரும் இருபத்தோரு தடவைக்கு மேல செய்யாதும்மா. எண்ணிக்கிட்டே இருங்க. செஞ்சா என் பேர மாத்தி வச்சுக்கறேன்.”

“எனக்கு வேற சோலி இல்ல பாருங்க,” என்றாள் ராக்காயி. ஆனால் அன்று முதல் அவளும் எண்ணத் தொடங்கினாள்.

பதினேழாம் வாரம் பை வரவில்லை. ஞானவேல் அன்று கொஞ்சம் சோர்வாக இருந்தார் என்று ராக்காயி பிற்பாடு சொன்னாள். அவர் நோட்டில் அப்படி எதுவும் இல்லை. பதினெட்டாம் வாரம் சிறிய பை. பத்தொன்பதாம் வாரம் வந்ததுதான் பை. நீலக் கித்தான் பை வாய் பிதுங்கி, கட்ட முடியாமல், மேலே ஒரு துண்டைப் போட்டுச் சுற்றியிருந்தது. தூக்கி இறக்கிவைத்த முருகவேல், “சார், இன்னிக்காச்சும் எடுத்துக்கங்க. பாப்பா பஸ்ஸுக்குக் கீழயே நின்னு, ‘அண்ணே, இத மட்டும் எப்படியாச்சும் அவர் கையில குடுத்துருங்க’ன்னு சொல்லுச்சு,” என்றார்.

ஞானவேலின் முகம் மலர்ந்தது. ஒரு விஞ்ஞானியின் வாழ்வில் இப்படி ஒரு காலை அபூர்வமாகத்தான் வாய்க்கும். எகிறு! கோட்பாடு சொன்ன அதே கடைசி எகிறு! இந்த நொடியில்தான் சாதாரணத் தகப்பன்கள் இளகிப்போய்க் கையை நீட்டித் தோற்கிறார்கள். அவர் கையை நீட்டவில்லை, பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏத்திருங்க.”

முருகவேல் பையை எடுத்து, கடைசி சீட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே தள்ளினார். கொஞ்சம் பலமாகவே தள்ளினார்.

திங்கட்கிழமை வகுப்பில், ‘செல்வி எஸ்’ என்ற தலைப்போடு அந்த வரைபடம் கரும்பலகையில் ஏறியது. திருமணம் ஆனவளைச் செல்வி என்று எழுதியிருக்கிறாரே என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. “உச்சிய பாருங்க. இதுக்கப்புறம் சரிவுதான்,” என்றார். சொன்னபடியே ஆயிற்று. இருபதாம் சனிக்கிழமை பை இல்லை. இருபத்தோராம் சனிக்கிழமையும் இல்லை. ஞானவேல் விதி மனிதர்களுக்கும் பொருந்தும் என்று நிரூபணமாயிற்று.

அந்த இருபத்தோராம் சனிக்கிழமைக்காக அவர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தார். இனி அடுத்த கட்டம்தான். வழியெல்லாம் அடைபட்டபின் மகள் நேராக வாசலுக்கே வருவாள். பஸ் வந்தது, பை இறங்கவில்லை. பெட்டியைத் திறந்து முதல் துண்டை முருகவேலிடம் நீட்டினார்.

முருகவேலின் முகம் சட்டென்று தெளிந்தது. “அப்பாடா! இப்பவாச்சும் மனசு வந்துச்சே சார். தாத்தா ஆகப்போறதுக்குத்தான? ஆனா புதன்கிழம வளைகாப்புக்கு வந்திருக்கலாம் சார் நீங்க. ஊரே ஒங்களத்தான் கேட்டுச்சு.”

“எந்த வளைகாப்பு?”

கண்டக்டர் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார். “பத்திரிக வச்சிருந்துச்சே சார். அந்தப் பெரிய பைக்குள்ள. கண்ணாடி வளையல் ரெண்டு டஜன், மஞ்சள், புடவை எல்லாம் இருந்துச்சு. அம்மா இல்லாததுனால மொத வளையல அப்பாதான் போடணும்னு பாப்பா ஒத்தக் கால்ல நின்னுச்சாம். ஒங்க கையால வளையலக் கொண்டு வந்து போடணும்னுதான் ஒங்களுக்கே குடுத்து விட்டுச்சு. பை திரும்பிப் போனாலும் சேதி ஒங்க காதுக்கு வந்திருக்கும்னு நெனச்சேன்.”

ராக்காயி பாய்லரை அணைத்தாள்.

“திரும்பிப் போனப்ப நாந்தான் சார் இறக்கிக் குடுத்தேன்,” என்றார் முருகவேல். “அவிழ்த்துப் பாத்தா வளையல் பாதி ஒடஞ்சு கெடக்கு. மூட்டைக்கு நடுவுல நான்தான் தள்ளுனேன். வயித்துப்புள்ளக்காரி முன்னால வளையல் ஒடஞ்சு கெடந்தா நம்ம சனம் என்ன பேசும்னு ஒங்களுக்குத் தெரியாதா? மாமியாக்காரி வாயப் பொத்திக்கிட்டு அழுகுது. பாப்பா அழுகல சார். ஒவ்வொரு சில்லா பொறுக்கி எடுத்துச்சு. அவ்வளவுதான்.”

அழாமல் இருந்தாள். ஞானவேலுக்கு அது புரிந்தது. அந்தப் பாடத்தை அவளுக்கு நடத்தியவர் அவர்தான், நட்சத்திரம்கூடக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் வெள்ளனே பூம்பாறை பஸ்ஸில் ஏறினார். கைபேசியில் அவள் எண்ணுக்கு இருந்த தடையை முந்தின நாளே நீக்கியிருந்தார். அழைத்துப் பார்த்தபோது, தடை அந்தப் பக்கத்தில் விழுந்திருந்தது. வழியெல்லாம் மூடுபனி. அடுக்கடுக்கான வயல்களில் பெண்கள் குனிந்து பூண்டுப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தார். வாசலில் பூண்டுக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ராஜேஷ்குமார், அவரைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாங்க மாமா. உக்காருங்க.”

நாற்காலி வந்தது. காபி வந்தது. உள்ளே சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. யாரோ பூண்டு உரிக்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஞானவேல் இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவர். அன்று எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிடுறீங்களா மாப்ள? ஒரு நிமிஷம்.”

ராஜேஷ்குமார் உள்ளே போனான். பூண்டு உரிக்கும் சத்தம் நிற்கவில்லை. திரும்பி வந்தவன் நிலைப்படியிலேயே நின்றான்.

“நீங்க சாப்புட்டுட்டுத்தான் போகணும் மாமா. எங்க அம்மா ஒல வச்சிருக்காங்க. ஆனா அவ…” அவன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவ வரமாட்டேங்குறா.”

“கோவமா?”

“கோவமாட்டம் தெரியல. கோவப்பட்டா நான் பேசிச் சரி பண்ணிருவேன். நீங்க வந்திருக்கறது காதுல விழாத மாதிரி இருக்கா மாமா.”

ஞானவேல் தலையசைத்தார். அந்த இருப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். செய்தித்தாள் ஒன்றுதான் குறை.

அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அவரிடம் பேசவில்லை, புருஷனிடம்தான் பேசினாள். “மத்தியான பஸ் இப்ப வந்துரும். வெரசாக் கெளம்பச் சொல்லுங்க. விட்டா சாயங்காலம்தான்.”

அந்த மூன்று வாக்கியத்தில் தமக்கு ஏதாவது பரிசு இருக்கிறதா என்று பஸ் வரும்வரை யோசித்தார். பஸ்ஸில் ஏறியும் யோசித்தார். அக்கறை என்று சொல்லலாம், விரட்டல் என்றும் சொல்லலாம். வரைபடத்தில் எங்கே புள்ளி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஞானவேல் ஒரு பையோடு பஸ் நிலையத்துக்கு வந்தார். வீட்டில் வேறு பை இல்லாததால், ‘நடத்தை மாற்றம்: மாநிலக் கருத்தரங்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த சணல் பை. உள்ளே பஞ்சு வைத்துப் பொதிந்த இரண்டு டஜன் கண்ணாடி வளையல். முருகவேல் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். மாலை ஐந்து மணி பஸ்ஸில் பை திரும்பி வந்தது. முடிச்சு அவர் போட்ட முடிச்சுத்தான்.

வாரம் தவறாமல் அனுப்பினார். வளையலுக்குப் பிறகு குங்குமப்பூ. பிறகு, பிள்ளை பிறந்துவிட்டது என்று முருகவேல் சொன்னதும், சிறு கம்பளிச் சட்டை, குல்லா, கிலுகிலுப்பை. எல்லாம் காலையில் ஏறிப் போயின, மாலையில் இறங்கி வந்தன. ராக்காயி ஒருநாள் கேட்டாள்:

“சார், இது எத்தனாவது? முப்பது இருக்குமா? இருபத்தொண்ணுதான் கணக்குன்னு சொன்னீங்க?”

“இது கணக்குல வராதும்மா,” என்றார் ஞானவேல், மிகுந்த நிதானத்தோடு. “முருகவேல் சேதி சொல்றாருல்ல. பொம்பளப் புள்ளைன்னாரு. போன மாசம் குப்புற விழுந்துச்சுன்னாரு. எப்பவாச்சும் ஒரு சேதி கெடைக்குதுல்ல? அது பரிசு. பழனிக்கு வர்ற கூட்டம் மாதிரிதான். அதனாலதான் செய்யறேன். பரிசு நின்னா நானும் நின்னுருவேன். விதி விதிதான்.”

ராக்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லா வச்சீங்க சார் விதி,” என்றாள்.

இந்தச் சலுகை நெடுநாள் நீடிக்கவில்லை. முருகவேலை வத்தலக்குண்டு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த கண்டக்டர் செல்வமுருகன் வெளியூர்க்காரன். பூம்பாறையில் யார் எவர் என்று தெரியாது. பையை அங்கே நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் வைப்பான், மாலையில் எடுக்காமல் கிடந்தால் திருப்பிக் கொண்டுவந்து போடுவான். பிள்ளை நடக்கிறதா, பல் முளைத்துவிட்டதா, பெயர் என்ன வைத்தார்கள் என்று அவனிடம் கேட்பது வீண். ஞானவேல் கேட்டுப் பார்த்தார்.

“எந்தப் பிள்ளை சார்?” என்றான் அவன்.

ஆக, பரிசு நின்றது. முழுமையாக, சுத்தமாக, எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத துல்லியத்தோடு நின்றது. இனிமேல்தான் உண்மையான எண்ணிக்கை. ஞானவேல் எண்ணவில்லை. ராக்காயி எண்ணினாள். வாரத்துக்கு ஒரு கோடாகப் பாய்லருக்குப் பின்னால் சுவரில் கரியால் கிழித்துவந்தாள். இதற்கிடையில் கல்லூரியில் அந்த வருஷத்து மழை மாதமும் வந்துபோயிற்று. மேசையில் மூன்று தட்டுத் தட்டும் நாளில் ஞானவேல் பாடத்தின் வேறு பக்கத்தைத் திருப்பினார். “சார், அந்த ‘செல்வி எஸ்’ ஆய்வு என்னாச்சு?” என்று ஒரு மாணவி கேட்டாள். “முடிஞ்சுபோச்சும்மா,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஞானவேல் சணல் பையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துவந்திருந்தார். உள்ளே ஒரு வயதுப் பிள்ளைக்கான காலணி ஒரு ஜோடி இருந்தது. அளவு தெரியாமல் உத்தேசமாக வாங்கியது. ராக்காயி டீயை நீட்டினாள். சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“போன வாரத்தோட இருபத்தொண்ணு ஆச்சு சார்,” என்றாள். கேலி செய்யத்தான் வாயெடுத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது.

“அப்படியா,” என்றார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. செல்வமுருகன் படியில் நின்றபடியே பையை வாங்கி, பாக்கெட்டிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தான்.

“சார், போன வாரம் ரெண்டு பை மாறிப்போய் ஒரே ரகளை. இனிமே பேர் எழுதித்தான் ஏத்தணும். யாருக்குப் போகுது?”

“சௌம்யா. பூம்பாறை.”

“அந்தம்மா வாங்குறதே இல்லையே சார். வாராவாரம் திரும்பத்தான வருது?”

“ஆமா.”

“இன்னிக்கி வாங்குவாங்களா?”

“வாங்காது.”

செல்வமுருகன் உறையின் மேல் பெயரை எழுதினான். முன்னாலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். “சரி, அனுப்புறது யாருன்னு போடணும். ஒங்க பேர் சொல்லுங்க.”

 தூறல் ஞானவேலின் மூக்குக்கண்ணாடியில் விழுந்து, உறையின் மேலிருந்த எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சௌம்யாவோட அப்பான்னு எழுதுங்க,” என்றார். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து நானே எடுத்துக்கறேன்.”